1950-களின் பாரிஸ் ஆடை ஓவியம்: வாசிக்கவும் வரையவும் ஒரு தொடக்க வழிகாட்டி

ஒரு பெண் உருவம், பத்துப் பதினைந்து கோடுகள், மூலையில் குண்டூசியால் குத்திய ஒரு துண்டுத் துணி. 1940-களின் இறுதியிலும் 1950-களிலும் பாரிஸின் பெரிய ஆடை நிறுவனங்களில் வரைந்த தாள்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அவசரத்தில் கிறுக்கியதுபோல் தெரியும். ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் தையல்கூடத் தலைவி துணி வெட்டினார். எனவே அதில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் துணியில் ஒரு பதில் உண்டு: தையல், மடிப்பு, விளிம்பு, விறைப்பு. புதிதாக வரைய வருபவர்கள் கோட்டின் வேகத்தை மட்டும் பார்த்துப் பழகுகிறார்கள். பதிலைக் கவனிப்பதில்லை. அழகாக வந்தும் தைக்க முடியாத ஓவியம் பிறப்பது அதனால்தான்.

இங்கே எடுத்துக்கொள்ளும் மாதிரி, இறுக்கமான மேலுடலும் அகன்ற பாவாடையும் கொண்ட உடை. 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸின் மொந்தேஞ் நிழற்சாலை 30-ஆம் எண் மாளிகையில் கிறிஸ்டியன் டியோர் தம் முதல் தொகுப்பில் காட்டிய வடிவம் இது. ‘கொரோல்’ (மலரின் இதழ் வட்டம்) என்று அவர் பெயரிட்டதை உலகம் ‘நியூ லுக்’ என்று அழைத்தது. ஏ4 தாள், பென்சில், மை, இரண்டு மணி நேரம் இருந்தால் முதல் ஓவியத்தை முடித்துவிடலாம்.

கையில் இருப்பது எந்த வகை ஓவியம்?

பார்த்துப் பழக ஒரு பழைய ஓவியத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தவறு தொடங்கிவிடுகிறது. ரெனே குரூவோ, கிறிஸ்டியன் பெரார் போன்றோரின் படங்கள் பத்திரிகைக்கும் விளம்பரத்துக்கும் வரைந்தவை. உடை தைத்து முடிந்த பிறகு அதன் மிடுக்கைக் காட்டுவதே அவற்றின் வேலை. ஒரே தூரிகை வீச்சில் பாவாடை முழுவதும் வந்துவிடும். தையல் எங்கே என்று தேடினால் கிடைக்காது. அவற்றை ரசியுங்கள், முதல் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

நமக்கு வேண்டியவை நிறுவனத்துக்குள்ளேயே புழங்கிய இரண்டு வகைகள். முதலாவது, வடிவமைப்பாளரே பென்சிலில் வரையும் சின்னஞ்சிறு குறிப்போவியம். பிரெஞ்சுக்காரர்கள் இதைக் குரோக்கி என்பார்கள். டியோர் ஒவ்வொரு பருவத்துக்கும் ஊர்ப்புற வீட்டுக்குப் போய் இவற்றைக் கத்தை கத்தையாக வரைந்து வருவார். தொழில்நுட்ப இயக்குநரான மார்கரீத் காரே அவற்றைத் தையல்கூடங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். அங்கே வெள்ளைப் பருத்தியில் ஒரு முன்மாதிரி தைப்பார்கள். அதற்குப் பெயர் துவால். நம்மூரில் காடாத் துணியில் வெட்டிப் பார்ப்பது போன்ற வேலைதான். அந்தத் துவாலைப் பார்த்த பிறகே எந்தத் துணி, எந்த மாடல் பெண் என்பது முடிவாகும். ஆகவே இந்த முதல் ஓவியங்களில் துணி விவரம் இல்லாமல் இருப்பது இயல்பு.

இரண்டாவது, தொகுப்பு முடிந்தபின் நிறுவனத்தின் ஓவியர் சுத்தமாக வரைந்து வைக்கும் பதிவோவியம். மாடல் எண், துணித் துண்டு, சில சமயம் பின்பக்கத் தோற்றம் எல்லாம் இதில் இருக்கும். தொடக்கநிலையாளருக்கு மிகவும் பயன்படுவது இதுவே. பாரிஸின் இன்னொரு பெரிய வடிவமைப்பாளரான பலென்சியாகாவின் ஓவியங்களாக இன்று காணக் கிடைப்பவற்றில் பல, நிறுவன ஓவியர்கள் வரைந்தவை. அவர் தாளைவிடத் துணியிலும் கத்தரியிலும் சிந்தித்தவர்.

எல்லா வடிவமைப்பாளரும் ஓவியத்தில் தொடங்கியவர்கள் அல்லர் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜாக் ஃபாத்தும் மதாம் கிரேயும் துணியை உடல்மேலேயே போட்டு வடித்தவர்கள். டியோரோ 1930-களில் தொப்பி, ஆடை ஓவியங்களை விற்றுப் பிழைத்து, பிறகு ரொபேர் பிகே, லூசியன் லெலோங் நிறுவனங்களில் வேலை பார்த்து மேலே வந்தவர். கோடு அவருக்குக் கைவந்த கலை. கோடுவழி பழக அவர் காலத்து நிறுவன ஓவியங்களே நல்ல வாசல்.

வரையும் முன் வாசியுங்கள்

தேர்ந்தெடுத்த ஓவியத்தைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். உள்விவரம் மங்கி வெளிவடிவம் மட்டும் நிற்கும். அந்தக் காலத்தில் ஒரு தொகுப்பின் பெயரே பெரும்பாலும் அந்த வெளிவடிவத்தின் பெயர்தான். டியோரின் 1954 இலையுதிர்கால எச் வரி மார்பைத் தட்டையாக்கி இடையை அழுத்தாமல் விட்டது. 1955 வசந்தத்தின் ஏ வரி ஒடுங்கிய தோளிலிருந்து கீழே விரிந்தது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தின் ஒய் வரி கனத்தை மேலே ஏற்றியது. டியோர் மறைந்த பிறகு 1958 வசந்தத்தில், அவர் இடத்துக்கு வந்த இவ் சான் லோரான் காட்டிய ட்ரபீஸ் வடிவம் இடையையே மறந்தது. வெளிவடிவத்தை ஓர் எழுத்தாகவோ, வட்டம், முக்கோணமாகவோ சொல்ல முடியாவிட்டால் நீங்கள் அந்த ஓவியத்தை இன்னும் வாசிக்கவில்லை.

அடுத்து, உள்கோடுகளைப் பிரித்தெடுங்கள். இதற்கு ஒரு நம்பகமான அடையாளம் உண்டு. தையல் கோடு ஒரு விளிம்பிலோ இன்னொரு தையலிலோ தொடங்கி, மற்றொன்றில் போய் முடியும். நடுவில் அந்தரத்தில் நிற்காது. மடிப்புக் கோடு ஓர் இழுபடும் புள்ளியில் அழுத்தமாகப் பிறந்து, போகப் போக மெலிந்து மறையும். டார்ட், அதாவது உடலின் வளைவுக்கேற்பத் துணியைக் கூம்பாக மடித்துப் பிடிக்கும் தையல், இந்த இரண்டுக்கும் நடுவில்: ஒரு தையலில் தொடங்கி, மார்பு நுனியை நோக்கிப் போய், அதைத் தொடாமல் 2 செ.மீ. முன்னாலேயே நின்றுவிடும். டிரேசிங் பேப்பரை மேலே வைத்து, தையலைச் சிவப்பிலும் மடிப்பை நீலத்திலும் டார்ட்டைப் பச்சையிலும் எடுங்கள். எந்த நிறம் என்று தீர்மானிக்க முடியாத கோடு ஒன்றிரண்டு மிஞ்சும். பெரும்பாலும் அவை துணி பளபளக்கும் இடங்கள்.

முன்பக்க ஓவியத்தில் பட்டனோ ஜிப்போ தெரியவில்லையா? பதற வேண்டாம். அக்கால உடைகளில் திறப்பு பெரும்பாலும் இடப்பக்கத் தையலிலோ நடு முதுகிலோ ஒளிந்திருக்கும். பின்பக்கச் சிற்றோவியத்தைத் தேடுங்கள்.

என்னென்ன வேண்டும்

150 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரையான வழவழப்பான ஏ4 தாள், எச்பி, 2பி பென்சில்கள், நீரில் கரையாத கறுப்பு மை, 2-ஆம் எண்ணிலும் 6-ஆம் எண்ணிலும் உருண்டை பிரஷ், வாட்டர்கலரில் இரண்டு மூன்று நிறங்கள், வெள்ளை கொவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்), டிரேசிங் பேப்பர், 30 செ.மீ. ஸ்கேல். அழிரப்பர் பிசையக்கூடிய வகையாக இருக்கட்டும். கடினமான ரப்பர் தாளின் மேற்பரப்பைத் தேய்த்துவிடும், பிறகு அந்த இடத்தில் மை கசியும். 100 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்த ஜெராக்ஸ் தாளில் தண்ணீர் பட்டதும் தாள் அலையலையாகச் சுருண்டுவிடும்.

உருவத்தின் அளவு

நிஜ உடல் ஏழரைத் தலை உயரம் என்றால் இந்த ஓவியங்களின் உருவம் ஏறக்குறைய ஒன்பது தலை. கூடுதல் நீளம் கழுத்துக்கும் காலுக்கும் போகிறது; மேலுடலுக்கு அவ்வளவாக இல்லை. தலையை 2.8 செ.மீ. என வைத்தால் முழு உருவம் 25.2 செ.மீ. ஏ4 தாளில் மேலும் கீழும் இரண்டு செ.மீ. சொச்சம் மிஞ்சும்.

தாளின் நடுவில் மெல்லிய செங்குத்துக் கோடு போட்டு, உச்சந்தலையைப் பூச்சியமாக வைத்துக் கீழ்நோக்கிக் குறியுங்கள்: தாடை 2.8, தோள் 4.2, மார்பு நுனி 6.2, இடை 8.6, இடுப்பின் அகன்ற இடம் 11.2, முழங்கால் 17.4, கணுக்கால் 23.2, பாத நுனி 25.2 செ.மீ. அகலங்கள்: தலை 1.9, தோள் 4.2, இடை 2.1, இடுப்பு 3.6.

இடையைக் கவனியுங்கள். 60 செ.மீ. இடையுள்ள பெண்ணை இந்த விகிதத்தில் நேர்மையாக வரைந்தால் தாளில் 2.7 செ.மீ. வரும். ஓவிய மரபு அதை 2.1 ஆக்குகிறது; 1.8-க்குக் கீழே போனால் தைப்பவருக்கு அந்தக் கோடு எந்தச் செய்தியும் தராது. இடை சிறிதாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் கீழே விரியும் இடுப்புதான். டியோரின் பெயர்பெற்ற ‘பார்’ ஜாக்கெட்டில் இடுப்புப் பகுதிக்குள் பஞ்சு வைத்து வெளியே தள்ளியிருந்தார்கள். அந்த வேலையைத் தாளிலும் செய்யுங்கள்: இடையைக் குறுக்காதீர்கள், இடுப்பைப் புடைக்க விடுங்கள்.

முகத்துக்கு நேரம் செலவிட வேண்டாம். ஒரு முட்டை வடிவம், புருவத்துக்கு ஒரு கோடு, உதட்டுக்கு ஒரு புள்ளி போதும். இமைமுடியை எண்ணி வரைந்தால் பார்ப்பவர் முகத்திலேயே நின்றுவிடுவார்.

நிற்கும் விதம்

கழுத்துக் குழியிலிருந்து ஒரு தூக்குநூல் தொங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். உடலின் எடையைத் தாங்கும் காலின் பாதத்தில் அது விழ வேண்டும். விழாவிட்டால் உருவம் சாய்ந்து விழப்போவதுபோல் தெரியும். ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றும் ஓவியங்களில் பெரும்பாலானவற்றின் கோளாறு இதுவே. எடை தாங்கும் பக்கம் இடுப்பு உயரும், அதே பக்கத் தோள் தாழும். சாய்வு ஐந்து முதல் எட்டு டிகிரி போதும்.

அக்கால மாடல் பெண்கள் நெஞ்சை நிமிர்த்தி நிற்கவில்லை. இடுப்பைச் சற்றே முன்தள்ளி, முதுகை லேசாக வளைத்து, தோளைத் தளரவிட்டு நின்றார்கள். போர்க்காலத்தின் பஞ்சுவைத்த சதுரத் தோள் மறைந்து, சரிந்த வட்டத் தோள் வந்ததுதான் 1947-இன் பெரிய மாற்றம். தோள்கோட்டைக் கழுத்திலிருந்து தோள்முனைக்கு 0.6 செ.மீ. இறங்கும்படி வரையுங்கள். நேராக வரைந்தால் உடை 1943-க்குப் போய்விடும், கீழே எவ்வளவு அழகான பாவாடை இருந்தாலும்.

மேலுடல்

உருவத்தின் நடுக்கோட்டை முதலில் போடுங்கள்: கழுத்துக் குழியிலிருந்து தொப்புள் வழியே. உடல் முக்கால் பக்கம் திரும்பியிருந்தால் இந்தக் கோடும் வளைந்து ஒரு பக்கமாக நகரும். பட்டன், கழுத்து வெட்டு, இடையின் முடிச்சு எல்லாம் இதன்மேல்தான் உட்கார வேண்டும். நடுக்கோடு இல்லாமல் பட்டன் வரிசை வரைந்தவர்களுக்கு அது வயிற்றுப் பக்கம் வரும்போது தடம் மாறிவிடும்.

கழுத்து விளிம்பு, கைமுனை, இடைப்பட்டி மூன்றும் உடலைச் சுற்றிச் செல்பவை. நேர்கோடாக வரையவே கூடாது. பார்ப்பவரின் கண் உருவத்தின் மார்பு உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், அதற்குக் கீழே உள்ள இடைப்பட்டி லேசாகக் கீழ்நோக்கி வளையும். பாவாடை ஓரம் இன்னும் அதிகமாக வளையும்.

டார்ட்டை விடாதீர்கள். இறுக்கமான மேலுடல் தானாக உடலில் ஒட்டாது. ஒன்று, இடையிலிருந்து மார்பு நுனியை நோக்கி ஒரு டார்ட். அல்லது தோளிலிருந்து மார்பு வழியாக இடைவரை ஓடும் பிரின்சஸ் தையல். இரண்டில் ஒன்று ஓவியத்தில் இருந்தே ஆக வேண்டும். எதுவுமே இல்லாத வழவழப்பான மேலுடலை வரைந்து கொடுத்தால், தைப்பவர் தாமாக ஒரு முடிவெடுப்பார். அது உங்கள் உடையாக இருக்காது.

பாவாடை: துணிக் கணக்கைத் தாளுக்குக் கொண்டுவருவது

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இது. கண்போன போக்கில் அலை அலையாக ஓரத்தை வரைந்துவிட்டு, ‘எத்தனை மீட்டர் துணி?’ என்று கேட்டால் விழிப்பார்கள். கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

இடை 62 செ.மீ., பாவாடை நீளம் 75 செ.மீ., முழுவட்ட வெட்டு என்று வைத்துக்கொள்வோம். இடையை 6.28-ஆல் வகுத்தால் உள்வட்டத்தின் ஆரம் 9.9 செ.மீ. அதோடு 75 சேர்த்தால் வெளிவட்டத்தின் ஆரம் சுமார் 85. ஓரச் சுற்றளவு 5.3 மீட்டர். 110 செ.மீ. அகலத் துணியில் இரண்டு அரைவட்டமாக வெட்டினால் தையலுக்கு விடும் அளவும் சேர்த்துச் சுமார் 3.5 மீட்டர் துணி செலவாகும். அதே இடைக்கும் நீளத்துக்கும் அரைவட்ட வெட்டு என்றால் உள்ஆரம் 19.7, ஓரச் சுற்றளவு 3 மீட்டர்தான்.

இனி மடிப்புகளின் எண்ணிக்கை. முழுவட்டப் பாவாடைக்கு உள்ளே வலைத் துணிப் பாவாடை வைத்து, கீழே 90 செ.மீ. விட்டத்துக்கு விரிவதாகக் கொள்ளுங்கள். அந்த வட்டத்துக்கு 2.8 மீட்டர் ஓரம் போதும். மிச்சம் 2.5 மீட்டர் மடிப்புகளுக்குள் போக வேண்டும். ஒரு மடிப்பு சராசரியாக 17 செ.மீ. விழுங்கினால் சுற்றிலும் பதினைந்து மடிப்புகள். முன்னால் தெரிவது ஏழு. ஓவியத்தில் ஏழு மடிப்பு, கீழே சுமார் 11.5 செ.மீ. அகலம். அரைவட்டப் பாவாடைக்கு 65 செ.மீ. விட்டம் என்று வைத்தால் மிஞ்சுவது ஒரு மீட்டருக்கும் குறைவு; முன்னால் மூன்று மடிப்பு, தாளில் 8 செ.மீ. அகலம். இந்த எண்ணிக்கையைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு வரையுங்கள். ஏழு மடிப்பும் ஒரே அளவில் இருந்தால் நெளிதகரம்போல் தெரியும். எடை தாங்கும் காலின் பக்கம் நெருக்கமாகவும், மறுபக்கம் அகலமாகவும் பிரியுங்கள்.

மடிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பது வெட்டைச் சொல்லும். முழுவட்ட வெட்டில் இடையில் சுருக்கமே இருக்காது. மடிப்பு இடுப்புக்குக் கீழே மெல்லத் தொடங்கி ஓரத்தில் ஆழமாகும். இடையில் சுருக்கிய பாவாடையில் குட்டிக் கோடுகள் இடைப்பட்டியிலேயே நெருங்கி நிற்கும், கீழே போகப் போக ஒன்றோடொன்று கலக்கும். தைத்து அழுத்திய பிளீட்டில் கோடு மேலிருந்து கீழ்வரை நேராக, இடையறாமல் ஓடும். இந்த மூன்றையும் ஒரே பாவாடையில் கலந்து வரைவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. தையல்கூடத்தில் அப்படியொரு தாளைக் கொடுத்தால் மூன்று பேர் மூன்று விதமாக வெட்டுவார்கள்.

ஓரம் எந்த உயரத்தில்? 1947-இல் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரம் வழக்கமாக இருந்தது. 1953 இலையுதிர்காலத் தொகுப்பில் டியோர் அதை 40 செ.மீ. வரை உயர்த்தியபோது பெரிய பரபரப்பு எழுந்தது. ஓவியத்தில் காலை நீட்டியிருக்கிறோம், ஆகவே இந்த அளவை மொத்த உயரத்துக்குச் சுருக்கக் கூடாது. முழங்காலை வைத்துக் கணக்கிட வேண்டும். உயர்ந்த குதிகால் செருப்போடு தரையிலிருந்து முழங்கால் ஏறத்தாழ 55 செ.மீ. நம் தாளில் அது 7.8 செ.மீ. ஆகவே 30 செ.மீ. ஓரம் உச்சந்தலையிலிருந்து 21 செ.மீ. குறியில் வரும், 40 செ.மீ. ஓரம் 19.5-இல். ஒன்றரை செ.மீ.தான் வித்தியாசம், ஆனால் உடையின் ஆண்டே மாறிவிடும்.

ஓரக் கோட்டின் நடுப்பகுதி பக்கங்களைவிட 0.8 முதல் 1 செ.மீ. தாழ்ந்திருக்கட்டும். மடிப்பின் குழிக்குள் ஓரம் மேலேறும், முகட்டில் கீழிறங்கும். குழிக்குள் தெரியும் உள்பக்கத்தைக் கருமையாக்கினால் பாவாடை உடனே கனம் பெறும்.

துணியின் குணத்தைக் கோட்டில் காட்டுவது

துணியின் பெயரை எழுதிவைத்தால் மட்டும் போதாது, கோடே அதைச் சொல்ல வேண்டும். டஃபேட்டா பட்டின் மடிப்பு உடைந்து உடைந்து கோணமாகத் திரும்பும். கோடும் அப்படி முறியட்டும். சாட்டின் வழுக்கி விழும்: நீண்ட வளைகோடுகள், நடுவில் தாளின் வெண்மையை அப்படியே விட்ட ஒளிப்பட்டை. கம்பளித் துணிக்குக் கோடு தடித்து, மடிப்பு குறைந்து, திருப்பங்கள் உருண்டு இருக்கும். வெல்வெட்டில் ஒளி நடுவில் விழாது. விளிம்பில்தான் மெல்லிய வெளிச்சம், உள்ளே கருமை. சாட்டினுக்குப் பழகிய கை வெல்வெட்டை வரையும்போது இதை மாற்றிப் போட்டுவிடும். ஆர்கன்சாவுக்கு வெளிர் நிறத்தை ஓர் அடுக்கு பூசிக் காயவிட்டு, துணி ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் மட்டும் இன்னோர் அடுக்கு. வலைத் துணிக்குக் கட்டம் கட்டமாகக் கோடு போடாதீர்கள். ஈரம் போன பிரஷை லேசாக இழுத்தால் போதும்.

படத்தைப் பார்த்து இதைக் கற்க முடியாது. ஒரு சிறு சோதனை செய்யுங்கள். 50 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றளவு 15.7 செ.மீ., 62 செ.மீ. இடையின் கால் அளவு. துணியில் உள்ஆரம் 2.5, வெளிஆரம் 21.2 செ.மீ. வைத்து ஒரு முழுவட்டம் வெட்டி, குழாயில் மாட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். லைனிங் கடையில் கிடைக்கும் டஃபேட்டாவில் ஒன்று, மல் துணியில் ஒன்று, ஆர்கன்சா புடவைத் துண்டில் ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பக்கவாட்டு விளக்கில் வரையுங்கள். அளவு சிறிதாகும்போது துணியின் விறைப்பு கூடியதுபோல் நடந்துகொள்ளும், மடிப்பு எண்ணிக்கை குறையும். ஆகவே மடிப்பின் வடிவத்தை மட்டும் இதிலிருந்து எடுங்கள், எண்ணிக்கையை முன்சொன்ன கணக்கிலிருந்து எடுங்கள்.

இன்னொன்று. மெல்லிய துணி தானாக அகன்று நிற்காது. டியோர் உடைகளுக்குள் விறைப்பான பட்டைகள் வைத்த உள்மேலாடை, இடையில் இறுக்கிக் கட்டும் நாடா, வலைத் துணி அடுக்குகள் எல்லாம் இருந்தன. துவண்டு விழும் கிரேப் துணியைக் குடைபோல விரித்து வரைந்தால் உள்ளே எது தாங்குகிறது என்பதை ஓரத்தில் எழுதியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கிரேப் காலோடு ஒட்டித்தான் விழும்.

அச்சு போட்ட துணியாக இருந்தால் பூவையோ கோட்டையோ மடிப்பின் குழிக்குள் மறைத்து, மறுபக்கம் தொடரவிடுங்கள். மடிப்பே இல்லாததுபோல் மேலே ஒட்டினால் உடை தட்டையாகிவிடும். இறுக்கமான உடையில் அச்சு எப்படி உடலோடு வளைகிறது என்று பார்க்க நமக்குப் பழகிய எடுத்துக்காட்டு உண்டு: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணிப்பெண்களின் பாத்திக் சரோங் கெபாயா. 1968-இல் அதை வடிவமைத்தவர் பாரிஸின் பியேர் பல்மான்.

மையும் வண்ணமும்

பென்சில் ஓவியத்தின்மேல் டிரேசிங் பேப்பர் வைத்து, தேவையான கோடுகளை மட்டும் புதுத் தாளுக்கு மாற்றுங்கள். மை போடும்போது வெளிவடிவத்துக்கு அழுத்தமான கோடு, தையலுக்கு மெல்லியது, மடிப்புக்குத் தொடக்கத்தில் அழுத்தி முடிவில் தூக்கிவிடும் கோடு. இந்த மூன்றும் ஒரே தடிமனில் இருந்தால் முன்னால் பிரித்து வாசித்த உழைப்பெல்லாம் வீண். பாவாடையின் ஒரு பக்கக் கோட்டை, அதாவது ஒளி விழும் பக்கத்தை, இடையிடையே விட்டுவிடலாம். கண் அதை நிரப்பிக்கொள்ளும். இடைக்கோட்டையும் ஓரத்தையும் மட்டும் விடக் கூடாது.

மை நன்றாகக் காய அரை மணி நேரம் கொடுங்கள். பிறகு நிழல் பக்கம் மட்டும் ஒரு மெல்லிய பூச்சு. முழு உடையையும் நிறத்தால் நிரப்புவது தேவையில்லை. மூலையில் துணித் துண்டு இருக்கிறதே.

குறிப்புகளும் துணித் துண்டும்

ஓவியம் வேலைத்தாளாவது இங்கேதான். 3 × 4 செ.மீ. துணித் துண்டை, அதன் நூலோட்டம் (நெசவு நூல் ஓடும் திசை) ஓவியத்தில் உள்ள உடையின் நூலோட்டத்தோடு ஒத்துப்போகும்படி, மேல்விளிம்பில் மட்டும் பிடித்து இணைக்க வேண்டும். நான்கு பக்கமும் ஒட்டினால் தொட்டுப் பார்க்க முடியாது. லைனிங்குக்கு இன்னொரு சிறு துண்டு.

அருகில் எழுத வேண்டியவை: மாடல் எண், பருவம், துணியின் பெயரும் அகலமும், எத்தனை மீட்டர், திறப்பு எந்தப் பக்கம், உள்ளே தாங்கும் அமைப்பு, பட்டனின் அளவு. பாரிஸ் நிறுவனங்களில் எந்தத் தையல்கூடத்துக்கு, யார் அணிய என்பதும் இருக்கும். அங்கே கூடங்கள் இரண்டு வகை: நெகிழ்ந்த உடைகளுக்கு ஃப்ளூ, கோட்டு சூட்டுக்குத் தாயோர். வெளிநாட்டுக் கடைக்காரர்கள் ஒரு மாதிரியை விலைகொடுத்து வாங்கினால் துணி, பட்டன், நாடா எங்கே வாங்கியது என்ற விவரத்தாளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். உங்கள் குறிப்புகளும் அந்த அளவுக்குத் துல்லியமாக இருக்கலாம். ‘நீலப் பட்டு’ என்று எழுதாமல், ‘கருநீல டஃபேட்டா, 110 செ.மீ. அகலம், 4.5 மீட்டர்’ என்று எழுதுங்கள்.

பின்பக்கத் தோற்றத்தை 8 செ.மீ. உயரத்தில் வலது மூலையில் வரையுங்கள். அதற்கு முகம், கை, கால் வேண்டாம். இடைத்தையலும் ஓரமும் முன்பக்க ஓவியத்தோடு பொருந்துகின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

முடித்த பின் ஒரு சோதனை

தையல் தெரிந்த ஒருவரிடம் ஓவியத்தைக் கொடுத்து, நீங்கள் வாயே திறக்காமல், எத்தனை துண்டு வெட்டுவார் என்று எழுதச் சொல்லுங்கள். நம் மாதிரி உடைக்கு, டார்ட் வைத்த மேலுடல் என்றால், நடு முதுகில் திறப்பு இருந்தால், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் இரண்டு, பாவாடைக்கு முன்னால் ஓர் அரைவட்டம், பின்னால் கால்வட்டம் இரண்டு, கை இரண்டு, மொத்தம் எட்டு. வேறு எண் சொன்னால் எந்தக் கோடு அவரை வேறு பக்கம் இழுத்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு மடிப்புக் கோடு விளிம்பைத் தொட்டு நின்று, தையலாகத் தெரிந்திருக்கும். அந்த ஒரு கோட்டைத் திருத்தினால் போதும், முழு ஓவியத்தையும் மறுபடி வரைய வேண்டியதில்லை.

ஓவியத்தைச் சேமிக்கும்போது துணித் துண்டை இரும்புக் குண்டூசியால் குத்த வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் துரு தாளில் இறங்கிவிடும். செலோடேப்பும் மஞ்சளித்துப் பசை கசியும். துண்டின் மேல்விளிம்பை நூலால் இரண்டு தையல் போட்டுத் தாளோடு இணைப்பதே நல்லது. துணித் துண்டைத் தாளில் தைப்பதற்கு முன்பே 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் துண்டின் தடிப்பால் தாள் கண்ணாடியிலிருந்து தூக்கி, பக்கத்துக் கோடுகள் மங்கலாகப் பதியும்.